வழிவிட்ட லோக்கல்

ஒரு லோக்கல் ரயில். ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. கேட்டால், "எக்ஸ்பிரஸுக்கு ஒதுங்கி வழிவிட்டேன். இருக்கிறது ஒரே பாதை, நான் என்ன பண்ண?" என்று சலித்துக்கொள்ளும்.

எக்ஸ்பிரஸுக்கென்று பக்கத்தில் தனிப் பாதை போட்டார்கள்.

சிக்னல் கம்பம் எச்சரித்தது: "தம்பி, இனி இந்தச் சாக்கு செல்லாது. நாளைக்கும் தாமதமானா உன்னை ஷெட்டுல தள்ளிப் பூட்டிடுவாங்க."

"நாளைக்குப் பறக்கறேன் பாருங்கண்ணே."

மறுநாள் முன்னால் யாருமில்லை. ஆனாலும் வழக்கமாக ஒதுங்கும் புளியமரத்தடியில் லோக்கல் போய் நின்றுவிட்டது.

"ஏன்டா நிக்கறே? பச்சை எரியறது தெரியலையா?" என்று கத்தியது கம்பம்.

"எக்ஸ்பிரஸ் போகட்டும்ணே."

"அவன் புதுப் பாதையில போய் அரை மணி ஆச்சு!"

"போயிட்டானா?" லோக்கலுக்கு முகம் வாடிப்போனது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்."