ஒரு பிளக் குறைந்த கார்

ரோட்ரிகோவின் கொட்டகையில் ஒரு படகு எஞ்சினும் ஒரு பழைய இங்கிலாந்துக் காரும் இருந்தன.

“பதினோரு வருஷமா உன்னைக் கழட்டி மாட்டுறாரு. இன்னும் நீ வாசலைத் தாண்டல. நான் கடலையே கிழிச்சுட்டு வர்றேன்” என்று எஞ்சின் தினமும் காரைக் கிண்டலடிக்கும்.

எஞ்சின் ஓட வேண்டிய படகுப் போட்டியன்று காலையில் கார் வேலை முடிந்தது. ஒரு ஸ்பார்க் பிளக்தான் குறைந்தது. ரோட்ரிகோ போட்டியையே மறந்து, படகு எஞ்சினில் இருந்த பிளக்கைக் கழற்றிக் காரில் மாட்டினார்.

“அடப்பாவி மனுஷா!” என்று கத்தியது எஞ்சின்.

கார் இருமியது, குலுங்கியது, பிறகு உறுமிக்கொண்டே தெருவில் இறங்கியது. ரோட்ரிகோ ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

சாயங்காலம் திரும்பி வந்த கார் தயங்கித் தயங்கிக் கேட்டது: “உன் போட்டி போச்சே, கோபமா?”

“அது கிடக்கட்டும்” என்றது எஞ்சின். “தெரு முக்குல திரும்பும்போது ஒரு உறுமல் கொடுத்தியே, அதை இன்னொரு தடவை கொடு.”