எஸ்தரம்மாவின் செல்ல ஆர்க்கிட்

எஸ்தரம்மாவின் பால்கனியில் ஓர் ஆர்க்கிட் செடி செல்லமாக வளர்ந்து வந்தது. அந்தம்மாள் போகும்போதும் வரும்போதும் அதற்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினாள். கொஞ்ச நாளில் தொட்டிக்குள் வேர் அழுகி, இலையெல்லாம் மஞ்சளாகித் தொங்கிவிட்டது. "ஐயோ, தாகம் போல!" என்று பதறி, இரண்டு செம்பாக ஊற்றினாள்.

"தண்ணி வேண்டாம்னு தலையை ஆட்டேண்டி" என்றது சுவரில் இருந்த பல்லி.

"எப்படிக்கா? ஆசையா ஊத்துறாங்க, மனசு கஷ்டப்படுமே" என்றது ஆர்க்கிட். உள்ளுக்குள் அதற்குக் கொஞ்சம் பெருமையும்தான். பக்கத்துக் கள்ளிச்செடியை யார் இப்படிக் கவனிக்கிறார்கள்?

மகளின் பிரசவத்துக்காக எஸ்தரம்மா ஊருக்குக் கிளம்பிப் போனாள். "என்னை மறந்துட்டாங்களே!" என்று ஆர்க்கிட் அழுதது. எப்போதாவது மழைச்சாரல் மட்டும் தெளித்தது. தொட்டி காயக் காய, பச்சையாய்ப் புது வேர் எட்டிப் பார்த்தது. இலை நிமிர்ந்தது. மொட்டுகூட வைத்துவிட்டது.

திரும்பி வந்த எஸ்தரம்மா மொட்டைப் பார்த்துக் கண் கலங்கினாள். "நான் ஊத்துன தண்ணி வீண் போகலை!" என்று செம்பை எடுக்க உள்ளே ஓடினாள்.

ஆர்க்கிட் மெல்லப் பல்லியைக் கேட்டது: "அக்கா, அவங்களுக்கு இன்னொரு மகள் இருக்காளா?"