ஒவ்வொரு படமாக

ஒரு போட்டோ ஸ்டூடியோ கம்ப்யூட்டருக்குள்ளே, படங்களைப் பத்திரப்படுத்துகிற ஹார்டு டிஸ்கும், அதன் கையில் படங்களை எடுத்துக் கொடுக்கிற டிரைவர் என்ற புரோகிராமும் குடியிருந்தன. டிஸ்குக்குப் பிறவியிலேயே ஒரு கோளாறு. இரண்டு படங்களைச் சேர்த்துக் கொடுத்தால் மயங்கி விழுந்துவிடும். கையில் இருந்த படங்கள் போனது போனதுதான். எழுந்ததும், "யாருக்கு மயக்கம், எனக்கா?" என்று கேட்கும். அதனால் டிரைவர், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகவே கொடுத்து வந்தது.

ஒருநாள் கல்யாணப் படங்கள் வந்து குவிந்தன. இரண்டுக்கும் மேலதிகாரியான சிஸ்டம் அதட்டியது: "ஏம்ப்பா டிரைவரு, என்ன இப்படி ஊர்ந்துக்கிட்டு இருக்கே?"

டிஸ்க் முந்திக்கொண்டது. "நல்லாக் கேளுங்கய்யா! கிள்ளிக் கிள்ளிக் குடுக்குறான். அள்ளிக் குடுத்தா நான் பறந்திட மாட்டேனா?"

டிரைவருக்குச் சுருக்கென்றது. அள்ளித்தான் கொடுத்துப் பார்ப்போமே என்று இரண்டு படங்களை ஒன்றாகத் தூக்கிவிட்டது. ஒன்றில் மாப்பிள்ளை தாலி கட்டுகிறான். இன்னொன்றில் பெண்ணின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். டிரைவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒன்றைக் கீழே வைத்தது.

"நான் கொஞ்சம் மந்தந்தாங்கய்யா," என்றது.

"விடு தம்பி," என்று டிஸ்க் பெருந்தன்மையாகச் சொன்னது. "உன்னை வச்சுக்கிட்டு நான் இத்தனை நாள் சமாளிக்கலையா?"