அட்ஜஸ்ட்

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, ஆறு முட்டைகளோடு கொட்டகை மூலையில் அடைகாத்துக்கொண்டிருந்தது புள்ளிச்சி என்ற கோழி.

வெள்ளாடு உள்ளே வந்து, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தாயி" என்றது. புள்ளிச்சி முட்டைகளை உருட்டிக்கொண்டு நகர்ந்தது. அடுத்து வந்த எருமையும் அதையே சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுத்தது. கோழிக்கு மிஞ்சியது கூரை ஒழுகும் இடம்தான். முட்டை நனைந்து குளிர்ந்தால் குஞ்சு இல்லை.

உத்திரத்தில் ஒரு மைனா இருந்தது. டியூஷன் வாத்தியார் வீட்டுக் கூண்டில் வளர்ந்தது.

"அந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம்?" என்று புள்ளிச்சி அதைக் கேட்டது.

"இங்கிலீஷ் வினைச்சொல். லத்தீனில் 'பக்கத்தில்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வெள்ளைக்காரன் கடிகாரத்தை அட்ஜஸ்ட் பண்ணுவான். நம்ம ஊரில் பக்கத்து ஆளை."

"யார் யாரிடம் சொல்லணும்?"

"நிற்கிறவர் உட்கார்ந்திருக்கிறவரிடம்."

"நான் இப்போ நின்னுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்ற புள்ளிச்சி, எருமையிடம் போனது. "எருமையக்கா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

எருமை கண்ணைத் திறக்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் தெரியாதும்மா."

புள்ளிச்சி, ஒழுகாத இடத்தில் தரையோடு பதிந்திருந்த எருமையின் தீனித் தொட்டிக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாக உருட்டிவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்தது. மத்தியானம் தொட்டிக்குள் நீண்ட எருமையின் மூக்கில் ஒரு கொத்து விழுந்தது.

கார்த்திகை ஐந்தாம் தேதி தொட்டியில் ஆறு குஞ்சுகள் பொரிந்தன. அதுவரை எருமை மழையில் நின்றுதான் மேய்ந்தது.