வெள்ளிக்கிழமை வரைக்கும் வேலை

“முடிஞ்சிருச்சா?” என்று சம்பத் கேட்டார். குரல் நடுங்கியது.

“முடிஞ்சிருச்சு சார். பதினோரு நிமிஷம்தான். கஷ்டமே படல,” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

சம்பத் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்தார். “அநியாயம் பண்ணிட்டியேம்மா. இது யாருக்கும் தெரியக் கூடாது.”

அம்பத்தூர் எஸ்டேட்டில், மூன்றாவது மாடியில், ஃபிரிட்ஜுக்குள் புகுந்தது போலக் குளிரும் அந்த சர்வர் ரூமில் கொலை ஒன்றும் நடந்துவிடவில்லை. வேலை நடந்துவிட்டது. அதுதான் பிரச்சினை.

சர்வருக்கு வரும் தகவலை ஆபரேட்டிங் சிஸ்டம் ஒவ்வொன்றாக வாங்கி, முத்திரை குத்தி, நிதானமாக உள்ளே அனுப்பும். அந்த அரசு அலுவலக நடைமுறையைத் தாண்டி, நெட்வொர்க் கார்டிலிருந்து புரோகிராமே நேராக வாங்கிக்கொள்ள ஒரு மென்பொருள் உண்டு. அதை மூல நிரலிலிருந்து கட்டி ஏற்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் ஆகும் என்று சம்பத் திங்கட்கிழமை சொல்லியிருந்தார். எதற்கும் கணக்குக் கேட்கும் மேனேஜர் ஹேமாவதி மேடம், அன்று மறுபேச்சில்லாமல் சரி என்றுவிட்டார்.

இன்று செவ்வாய். நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்த கிருஷ்ணப்பிரியா, அதே மென்பொருள் ரெடிமேடாகக் கட்டிவைத்த பேக்கேஜாக கம்பெனி சர்வரிலேயே கிடப்பதைப் பார்த்தாள். ஏற்றிவிட்டாள். நொடிக்கு ஒரு கோடித் தகவல் பாக்கெட் பாய்ந்தது; ஒன்றுகூடத் தொலையவில்லை.

“மாவு பாக்கெட் மாதிரி ரெடியா இருந்துது சார். நீங்க ஏன் அரிசி ஊற வெக்கிறதுலேருந்து ஆரம்பிச்சீங்க?”

“அது அங்க கீதுன்னு எனக்கும் தெரியும்மா! வேல முடிஞ்சா நாளைக்குக் காலைல மேடம் என்னிய ஓசூர் பிராஞ்சு வேலைக்கு அனுப்பிடுவாங்கோ. வர ஒரு வாரம் ஆவும். வெள்ளிக்கிழம எங்க ஊட்டம்மாவுக்கு பூந்தமல்லில ஸ்கூட்டி லைசென்ஸ் டெஸ்ட்டு. எட்டு போடணும்.”

“அவங்க தனியாப் போட மாட்டாங்களா சார்?”

“மொத தபா காலை ஊனிட்டா. ரெண்டாவது தபா எட்டுல பாதி போட்டுட்டு, நேரா இன்ஸ்பெக்டர் சேருக்கே போயிட்டா. இந்த தபாவும் பெயிலானா வண்டிய வித்துடுன்னு அழுவுறா.” சம்பத் மூக்கை உறிஞ்சினார். “நேத்துலேருந்து நாலு மணிக்கு நைசா கெளம்பி, கொரட்டூர் கிரவுண்டுல வண்டி கூடவே ஓடிகினு கீறேன். நான் பக்கத்துல ஓடுனாதான் புஷ்பாவுக்கு பேலன்ஸு.”

அவருடைய தொப்பையைப் பார்த்ததும், அந்த ஓட்டம் எவ்வளவு பெரிய காதல் என்று கிருஷ்ணப்பிரியாவுக்குப் புரிந்தது.

“அன்இன்ஸ்டால் பண்ணிடட்டுமா சார்?”

பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. ஹேமாவதி மேடம். கையில் டீ கப், முழங்கையில் பிளாஸ்திரி, முகத்தில் கேள்வி.

“எந்த அளவுல இருக்கு?”

“பெரிய சிக்கல் மேடம்!” சம்பத் துள்ளி எழுந்து திரையைக் காட்டினார். “ரெண்டு கார்டுல ஒண்ணக் காணோம். லிஸ்ட்லயே இல்ல. வெள்ளிக்கிழம வரைக்கும் தேடணும்.”

கிருஷ்ணப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டாள். புரோகிராம் கார்டைத் தன்வசம் எடுத்துக்கொண்டால், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பட்டியலிலிருந்து அது மறைந்துவிடும். மறைந்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம். பாஸான சர்டிஃபிகேட்டையே நீட்டி, பெயில் என்று சாதித்துக்கொண்டிருந்தார் சம்பத்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். “நீ சொல்லும்மா. எத்தன நாள் ஆகும்?”

“நா... நாலு நாள் மேடம்,” என்றாள், பொய் சொல்லிப் பழக்கமில்லாத கிருஷ்ணப்பிரியா. “ரொம்ப ஆழமாத் தொலைஞ்சிருக்கு.”

மேடம் டீயை ஒரு வாய் குடித்தார். “அந்த பேக்கேஜக் கட்டி அங்க வெச்சதே நான்தான். கார்டு ஏன் காணோம்னு எனக்குத் தெரியாதா?”

அந்தக் குளிரிலும் சம்பத்துக்கு வியர்த்தது. “மேடம், அது வந்து...”

“நேத்து நாலு மணிக்கு எங்க போனீங்கன்னும் தெரியும். கொரட்டூர் கிரவுண்டுல நானும் இருந்தேன். நீங்க கவனிக்கல.”

சம்பத்தின் கண்முன்னே ஓசூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில்கூட ஊதினார். “தப்புதான் மேடம். நாளைக்கே கெளம்பிடறேன்.” “புஷ்பா... அவ அப்புறமாப் பாத்துக்குவா.”

“நீங்க எங்கயும் போக வேணாம்.”

மேடம் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்துவிட்டு, கதவை நன்றாகச் சாத்தினார். பத்து வருடத்தில் அவர் யாரிடமும் பேசாத ஒரு குரலில் சொன்னார்:

“எனக்கும் வெள்ளிக்கிழமதான் டெஸ்ட்டு சம்பத், இன்னிக்கு என் வண்டி பக்கத்துலயும் கொஞ்சம் ஓடுங்களேன்!”