மூன்றாவது இழுப்பு

“மூணு இழுப்பு வேண்டாம் தம்பி. ரெண்டா வச்சிக்கிடுங்க” என்றார் சிலுவை, லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பெவினுக்குச் சிரிப்பு வந்தது. தூத்துக்குடிக் கடைத்தெருவில் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவன். எதற்கும் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறான். சினிமா டிரைலருக்குப் பேரம் பேசிய முதல் ஆள் இவர்தான்.

“அண்ணாச்சி, டிரைலரோட உயிரே அதுலதான் இருக்கு. இன்னொரு தரம் பாருங்க.”

திரேஸ்புரத்துச் சின்ன வீட்டின் முன்னறையில் மறுபடி முரசு அதிர்ந்தது. துருப்பிடித்த வானம். மூச்சுக்கும் வரி வாங்கும் ராஜ்யம். கடைசி முத்துக்காக ஒருவன் கடலுக்குள் இறங்குகிறான். படகு விளிம்பில் அவனைக் கட்டிய கயிறு, அதைப் பிடித்த ஒரு கை. கயிறு வெடுக்கென்று இழுபடுகிறது. இன்னொரு முறை. மூன்றாம் முறை. முரசு நிற்கிறது. திரை கறுக்கிறது.

“முத இழுப்புல ஏதோ ராஜா ராணிக் கதைன்னு நினைப்பான். ரெண்டாவதுல வயித்தக் கலக்கும். மூணாவது இழுத்தும் அந்தக் கை அசையாம இருக்கு பாருங்க, அப்பதான் இந்த நாட்டுல ஒருத்தனும் உருப்பட மாட்டான்னு தெரியும். ரெண்டோட நிறுத்துனா சின்னப் பிள்ளைங்க படம்னு பாப்கார்ன் வாங்கிட்டு வந்துருவான்.”

“டைரக்டர் கட் சொல்லுத வரைக்கும் ஒருத்தரும் அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தாவ” என்றார் சிலுவை, சுவரைப் பார்த்து.

இறங்கியவன் நடிகன் இல்லை. சங்கு குளிக்கும் ஃபிராங்க்ளின், சிலுவையின் தங்கை பிளாரன்ஸின் புருஷன். அந்த ஷாட்டிலிருந்து மேலே வந்தது உடம்பு மட்டும்தான். அதே ஷாட் டிரைலரில் வேண்டும் என்றால் பிளாரன்ஸ் கையெழுத்துப் போட வேண்டும். படப்பிடிப்புப் பக்கமே போகாமல் சென்னையில் உட்கார்ந்து டிரைலர் வெட்டிய பெவினை, ஊர்க்காரன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை வெளியீடு. வெறுங்கையோடு போனால் அடுத்த படம் கிடைக்காது.

“முகத்த மறைச்சிருதேன் அண்ணாச்சி. முன்னால அவரு பேரப் போட்டு அஞ்சலி...”

“முகம் இருக்கட்டும். பேரும் இருக்கட்டும். மூணாவது இழுப்பு மட்டும் போகட்டும்.”

“ரெண்டரை? கயிறு துடிக்க ஆரம்பிக்கும்போதே கறுப்பாக்கிருதேன்.”

“ரெண்டு. தங்கச்சி கோயில்லருந்து வரதுக்குள்ள வெட்டிருங்க. கையெழுத்துக்கு நான் பொறுப்பு.”

துக்கத்திலும் இப்படிக் கறாராக நிற்கிறாரே என்று பெவினுக்கு மரியாதைதான் வந்தது. வெட்டினான். டிரைலர் நொண்டியது. கையெழுத்து இல்லாத டிரைலருக்கு நொண்டி டிரைலர் மேல்.

பிளாரன்ஸ் வந்து தரையில் உட்கார்ந்து பார்த்தாள். கயிறு இழுபட்டபோது அவள் உதடு எண்ணியது.

“இன்னொரு தரம் போடுங்க தம்பி.”

போட்டான். திரை கறுத்ததும் அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

“ரெண்டுதான் இழுத்திருக்காவ” என்றாள்.

“ரெண்டுன்னா என்னக்கா?”

“ரெண்டு இழுத்தா, நல்லாருக்கேன், இன்னுங் கொஞ்சம் கயிறு விடுன்னு அர்த்தம் தம்பி. மூணு இழுத்தா மூச்சு முட்டுது, தூக்குன்னு. அவுக மூணு இழுத்தும் தூக்கலன்னு படகுல இருந்தவனுவ ஊரெல்லாம் சொல்லுதானுவ. ஆறு மாசமா எனக்கும் நெஞ்சுல முள்ளாக் கெடந்துச்சி.”

பெவின் லேப்டாப்பை மூடப் போன கையை நிறுத்தினான். “கயிறு யாரு பிடிச்சிருந்தா?”

“மச்சான்தான் பிடிக்கணும், அதான் எங்க வழக்கம். தங்கச்சி தாலிய நினைச்சி உடனே தூக்குவான்லா” என்றவள் சிலுவையின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “இந்தக் கையப் போயி சந்தேகப்பட்டுட்டேனே.”