நடுத்தெருப் பரீட்சை

“ஒலகத்துல பட்டப்பகல்ல தெருவுல நின்னு போன் பேச முடியாத நாடு ஒண்ணு இருக்குதுன்னா, அது நைஜீரியாதான் கண்ணு!” என்று பழனிசாமி, ஏற்காடு பஜாரில் தம் லாட்ஜ் வாசலில் நின்று போனில் அறிவித்தார்.

சேர்வராயன் மலையை விட்டு அவர் அதிகபட்சம் போன தூரம் சேலம். ஆனாலும் நைஜீரியாவைப் பற்றி அவருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

வீடியோவில் இருந்தவள் மகள் திவ்யா. லாகோஸில் ஒரு மாவு மில்லில் கெமிஸ்ட். இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்லி மில்லில் கேட்டிருந்தார்கள், இன்றே பதில் சொல்லியாக வேண்டும்.

“எனக்கு இருக்கத்தானுங்கப்பா ஆசை. ஆனா நீங்க சரின்னு சொன்னாத்தான் கையெழுத்துப் போடுவேன்.”

“எப்பிடிச் சொல்றது? உன் ஊட்டு வாசல்ல ஒருத்தன் தடியோட உக்காந்திருக்கானாமா. தடியோட காவல் காத்துப் பொழைக்கற ஊரெல்லாம் ஒரு ஊரா சாமி?” பழனிசாமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விழாமலிருக்க, லாட்ஜ் கதவோரம் சாத்தியிருந்த மூங்கில் தடியைப் பிடித்துக்கொண்டார்.

“அது ஃபெலிக்ஸ் அண்ணனுங்க. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப கஞ்சி கொண்டாந்து குடுத்தவரு.”

“அதெல்லாம் நடிப்பு. ஒண்ணு பண்ணு. இப்பவே போய் நடுத்தெருவுல நில்லு, நான் போதுங்கற வரைக்கும் பேசு. போன் கையில இருந்தா ரெண்டு வருசம் இரு. எவனாச்சும் புடுங்கிட்டா, வேலையை உட்டுட்டு அடுத்த பிளேன்ல வந்தரோணும்.”

“சரிங்கப்பா” என்றாள் திவ்யா. தயக்கமே இல்லாமல் சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

அவள் கடைத்தெருவை அடைவதற்குள், பழனிசாமி பக்கத்துக் கடையில் அவித்த வேர்க்கடலை ஒரு பொட்டலம் வாங்கி, இடைவேளைக்குப் பிந்தைய படத்துக்குத் தயாரானவர்போல ரோட்டோரம் வந்து நின்றார்.

திரையில் மஞ்சள் வேன்களும், தலைச்சுமையோடு நடக்கிற பெண்களும், ஒலிபெருக்கிச் சத்தமும். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டைப் போலவே இருந்தது. அதை அவர் சொல்லவில்லை.

“செவப்புச் சட்டைக்காரன் வர்றான் பாரு! போச்சு, கிட்ட வந்துட்டான்!”

செவப்புச் சட்டைக்காரன் கிட்ட வந்தான். பின்னால் வந்த தள்ளுவண்டி இடிக்காதபடி அவளை ஓரம் ஒதுக்கிவிட்டுப் போய்விட்டான்.

“நோட்டம் பாத்துட்டுப் போறான். ஐயோ, அந்தம்மா கையை நீட்டறா பாரு!”

கடலை விற்கிற அந்த அம்மா நீட்டியது ஒரு முக்காலி. வெயிலில் ஏன் நிற்கிறாய் என்று அவளை உட்காரவைத்து, மடியில் ஒரு கை வறுத்த கடலையும் போட்டாள்.

“திங்காத கண்ணு! கடலையில மயக்க மருந்து கலந்திருப்பாங்க!” என்று பழனிசாமி வாய் நிறையக் கடலையோடு எச்சரித்தார்.

“போதுங்களாப்பா? அரை மணி நேரம் ஆச்சுங்க.”

“இரு இரு. கெட்டவனுங்க எல்லாம் சாப்பிட்டுட்டுத்தான் வருவானுங்க.”

அப்போதுதான் அது நடந்தது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. “ஐயோ, போன்!” என்று ஓர் அலறல். திரையில் வானம், தகரக் கூரை, மறுபடியும் வானம். கொஞ்சமும் வெட்கமில்லாத ஒரு முகம் நெருக்கத்தில் வந்து, உற்றுப் பார்த்துவிட்டு மறைந்தது.

“அப்பா! அப்பா!” என்று திவ்யா கத்தினாள். பதில் இல்லை. செவப்புச் சட்டைக்காரன் திரும்பி ஓடிவந்தான். கடலைக்காரம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். தெருவே அவளைச் சுற்றிக் கூடிவிட்டது.

திவ்யாவின் போன் மட்டும் திவ்யாவின் கையிலேயே இருந்தது.

ஏற்காட்டில், லாட்ஜுக்குள்ளிருந்து பழனிசாமியின் மனைவி கனகா ஓடிவந்தாள். எதிர்க் கடையின் தகரக் கூரைமேல் ஒரு தாட்டியான குரங்கு உட்கார்ந்து, ஒரு கையால் கடலை உரித்தபடி, மறுகையில் இருந்த போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

“ஏனுங்க, கையில தீனியோட வெளிய நிக்காதீங்கன்னு டூரிஸ்டுக்கெல்லாம் போர்டு எழுதி மாட்டுனதே நீங்கதானுங்களே?”

அப்போது கனகாவின் போன் அடித்தது. லாகோஸ்.

“அம்மா, அப்பாவுக்கு அடி கிடி படலீங்களே? இங்க எல்லாரும் பயந்துட்டாங்க. கடலைக்காரம்மா அழுவறாங்க. பட்டப்பகல்ல இப்பிடிப் புடுங்கற ஊருல பெத்தவங்களைத் தனியா உட்டுட்டு வந்திருக்கியேன்னு என்னைத் திட்டறாங்க. போனைப் புடுங்கிட்டா வந்தரோணும்னு அப்பா சொன்னாரு, ஒரு போனும் போச்சு. நான் வேலையை உட்டுட்டு வந்தரட்டுங்களா?”

கனகா போனை அவர் பக்கம் நீட்டினாள்.

பழனிசாமி கூரையைப் பார்த்தார். இதற்குள் அங்கே ஒன்று மூன்றாகியிருந்தது. மூன்றும் கனகாவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் கதவோரம் இருந்த மூங்கில் தடியை எடுத்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து லாட்ஜ் வாசலில் போட்டு, தடியை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகுதான் போனை வாங்கினார்.

“வேண்டாங் கண்ணு. நீ அங்கயே பத்திரமா இரு.”